கடலூரில் தொழில் விசாரிக்கப் போன கதை

பொது சுகாதாரப் பேராசிரியருக்கு முதல் நாளே வயிறு போய்விட்டது.

தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரை அவர் வடிகட்டி, மாத்திரை போட்டு, மறுபடி வடிகட்டித்தான் குடித்தார். ஆளைக் கவிழ்த்தது பண்ருட்டி பலாப்பழம். சாலையோரம் வண்டியை நிறுத்தி ஒரு சுளையை வாயில் போட்டவர், கண்ணை மூடித் திறந்து, இன்னொன்று என்றார். கொஞ்ச நேரத்தில் பாதிப் பழத்தையே மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஓட்டுநர் சேகருக்கு அதுதான் சொந்த ஊர். “போதும் சார், ஜாஸ்தி துன்னா வவுத்தக் கலக்கிடும்” என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியர் நைஜல் சிரித்துக்கொண்டே, அதற்கு ஆய்வு ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டார். சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் ஆதாரம் கிடைத்துவிட்டது. வழியில் இருந்த முந்திரித் தோப்புகளை எல்லாம் அவர் ஒரு நடை இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

நான் அவருடைய உதவி ஆய்வாளர். பிறந்தது கோயம்புத்தூர். பிழைப்பு இங்கிலாந்தின் வடக்கே, வெயில் அடித்தால் லீவு போட்டுவிட்டுப் புல்லில் படுக்கிற ஒரு நகரத்துப் பல்கலைக்கழகத்தில். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. விசாவும் வேலையும் ஒன்றாகக் காலாவதியாகும், அந்த மாதம் முழுக்க எனக்குத் தூக்கம் வராது. 2008-இல் எங்கள் துறையில் ஒரு நிரந்தர விரிவுரையாளர் இடம் காலியாயிற்று. நைஜல் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: கடலூர் ஆய்வின் இரண்டாம் பாகத்தை முடித்து, உன் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தால் அந்த இடம் உனக்கு. வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு அந்த வேலை வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு வேண்டும்.

எங்கள் துறை எதுவென்று சொல்லிவிடுகிறேன், பாதிப் பேருக்குத் தெரியாது. அரசாங்க ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில் யாராவது ஒருவர் துணிந்து, சொந்தக் காசைப் போட்டு, ஏதோ ஒரு வைத்திய வசதியை விற்பார். அவரைக் கண்டுபிடித்துப் பாராட்டிக் கட்டுரை எழுதுவது எங்கள் துறை. அங்கே ஆஸ்பத்திரி கட்டச் சொல்வது வேறு துறை. அதற்கு நிதி கிடையாது. எங்களுக்கு உண்டு. ஏழை எளியவர்களின் பேதியும் காய்ச்சலும் எங்களில் எத்தனையோ பேருக்குத் தோட்டம் வைத்த வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

நைஜலுக்குப் பேராசிரியர் பதவியே கடலூரால்தான் வந்தது. முந்தின வருஷம் இந்தக் கரையோரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார், ஓகோ என்று போயிற்று. அதில் இரண்டு கண்டுபிடிப்புகள். இங்கே நலத்தொழில் செய்பவர்களின், அதாவது அப்படி வைத்திய வசதி விற்பவர்களின், உண்மையான முதலீடு பணமல்ல, மனிதத் தொடர்புகளின் வலைப்பின்னல்தான் என்பது ஒன்று. “வலைப்பின்னல் இல்லாவிட்டால் நான் இல்லை, அது கிழிந்தால் நானே உட்கார்ந்து தைத்துக்கொள்வேன்” என்று ஒருவர் பேட்டியில் சொன்னதை எங்கள் துறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அரசாங்கம் வருஷந்தோறும் கோடையில் ஒன்றரை மாதம் தடை போட்டு இவர்களை முடக்குகிறது என்பது இரண்டாவது. இந்தக் கொடுமையைக் கேட்டு மேடைக்கு மேடை அறிஞர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கெட்டிக்கார வாசகர்களுக்கு இப்போதே மூக்கில் வேர்த்திருக்கும். எனக்கு வேர்க்கவில்லை. நான் படித்ததெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு. தவிர, கோயம்புத்தூரில் கடல் கிடையாது.

சிதம்பரத்தில் எங்களைக் கவனித்துக்கொண்டவர் முனைவர் கலியமூர்த்தி. ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் துறைத் தலைவர், கல்லூரியின் பெயர் எதற்கு. அந்த முதல் கட்டுரைக்குப் பேட்டிகளை எடுத்தவர்கள் இவருடைய மாணவர்கள், மொழிபெயர்த்தவர் இவர். கட்டுரையில் இவர் பெயரும் சின்னதாக உண்டு. மெலிந்த உடம்பு, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, எதைச் சொன்னாலும் “ஆவட்டும் மேடம்”. லாட்ஜ் அறையில் சுருண்டு கிடந்த நைஜலுக்கு அவரே இளநீரும் தயிர்சாதமும் வாங்கிவந்தார். வயிற்றுப்போக்கைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதிய நைஜல், உப்பும் சர்க்கரையும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் காலை இட்லியும் கொத்சும். சுட்ட கத்திரிக்காயை மசித்துப் புளி விட்டுச் செய்த அந்தக் கொத்சுக்காகவே ஒருவர் சிதம்பரத்துக்குக் குடிமாறலாம். இங்கிலாந்தில் காலையில் நான் சாப்பிடுவது பச்சைப் பாலில் ஊறப்போட்ட அட்டைத்துண்டு. கூச்சம் பார்க்காமல் மூன்று ஈடு வாங்கிச் சாப்பிட்டேன். நைஜல் ரொட்டியைக் கடித்துக்கொண்டு என் இலையைப் பார்த்தபடி இருந்தார். எனக்குக் கொஞ்சம்கூடப் பரிதாபம் வரவில்லை.

அன்றைக்குப் போனது மறுபடி பண்ருட்டி. பேருந்து நிலையத்தை ஒட்டி மருந்துக்கடை வைத்திருக்கும் செல்வராசு என்பவரைப் பார்க்க. சேகருக்குத் தெரிந்தவர். மனிதர் மருந்து விற்பதோடு நிற்கவில்லை. பிரஷர் பார்க்கிறார், ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடுகிறார், சக்கர நாற்காலி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் தண்ணீர் மெத்தை எல்லாம் வைத்திருக்கிறார், அவசரம் என்றால் சொந்த வேனில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். நாங்கள் புத்தகத்தில் எழுதிவைத்த ஆள் உயிரோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம்.

நைஜல் கேட்கச் சொன்னபடி கேட்டேன்: கோடையில் அரசாங்கம் உங்களை எத்தனை நாள் மூடச் சொல்கிறது? செல்வராசு என்னை ஏற இறங்கப் பார்த்தார். தீபாவளிக்கு அரை நாள் மூடுவதாகவும், மற்றபடி மூடச் சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது என்றும் சொன்னார். சரி, உங்கள் நெட்வொர்க் எப்படி என்று கேட்டேன். “இங்க டவர் சரியா கெடைக்காது மேடம், ரோட்டுக்கு அந்தாண்ட போய்ப் பேசுங்க” என்றார்.

நைஜல் நோட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘விதிவிலக்கு’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். தடையும் இல்லை, வலைப்பின்னலும் இல்லை, அதனால் இவர் எங்கள் கணக்கில் சேரமாட்டாராம். சேகர் வண்டியை எடுத்தபடி, சார் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று விசாரித்தார். செல்வராசு சரியாகப் பதில் சொல்லவில்லை என்றேன்.

அடுத்த நாள் கடலூர். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போது ரயில் பாதையை அகலமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்ததால் ரயில் கிடையாது, ரயிலில் போக வேண்டியவர்கள் எல்லாம் சாலையில் இருந்தார்கள். பலாப்பழ லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, நைஜல் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து கடலூர் முதுநகர் போய்ச் சேர்ந்தோம். அதைத் தாண்டி ஒரு மீனவக் குப்பம். துறைச் சுவரில் மாட்டிய வாசகத்துக்குச் சொந்தக்காரர் அங்கேதான் இருக்கிறார் என்று கூட வந்த கலியமூர்த்தி சொல்லியிருந்தார். ஊருக்குள் நுழைந்ததும் தலைவலி என்று சொல்லிவிட்டு அவர் வண்டியிலேயே படுத்துக்கொண்டார்.

அந்த வாசகத்தின் சொந்தக்காரர் பெயர் அஞ்சாப்புலி. பெயருக்கேற்ற மீசை. எங்களைக் கண்டதும் பிளாஸ்டிக் நாற்காலிகளை நிழலாகப் பார்த்துப் போட்டார், டீ சொன்னார், சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பெரிய அலை வந்து போன நாள் முதல் இந்தக் குப்பத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபடிதான் இருக்கிறார்கள். ஆராய்ச்சியில் அவர் எங்களைவிட அனுபவசாலி. நைஜல் கேமராவை எடுத்ததும் தானாகவே கடல் பக்கம் திரும்பி நின்று, “சிரிச்ச மாதிரி வேணுமா, சோகமா வேணுமா?” என்று என்னைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். நைஜல் கொஞ்சம் யோசித்து, இரண்டும் என்றார்.

பேட்டி ஆரம்பித்தது. நைஜல் ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். உங்கள் தொழில் இப்போது எப்படி இருக்கிறது என்பது முதல் கேள்வி.

“தொழில் எங்கம்மா இருக்குது? அதான் தடை போட்டுட்டாங்களே. வைகாசி பாதி கழிஞ்சாத்தான் இனிமே.”

அவருக்குப் பின்னால் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அவர் காலடியில் ஒரு நீலவலை குவிந்து கிடந்தது, பேசிக்கொண்டே அதன் கிழிசலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தொழிலுங்க என்று மெதுவாகக் கேட்டேன்.

“எந்தத் தொழிலா? தொழில்னா தொழில்தாம்மா. கடலுக்குப் போறது. வேற என்னா தொழில் இருக்குது?”

அட கெரகமே.

எங்கள் ஊரில் தொழில் என்றால் மோட்டார் பம்பு, நூல் மில், வார்ப்படம். இந்தக் கரையில் தொழில் என்றால் மீன் பிடிப்பது, அது ஒன்றுதான். குப்பத்துச் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அப்பா தொழிலுக்குப் போயிருக்கிறார் என்றால் கடலில் இருக்கிறார் என்று அர்த்தம். போன வருஷம் மாணவர்கள் வந்து என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். அஞ்சாப்புலி மீசையைத் தடவிக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: “இந்த ஊர்ல நல்லா தொழில் பண்றவுங்க யாருன்னு கேட்டாங்க. என்ன வுட்டா யாரு இருக்கா?”

கேள்வித்தாளில் இருந்த சொல் ‘நலத்தொழில் முனைவோர்’. அந்தச் சொல்லை எந்தப் பெற்ற தாயும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. மாணவர்கள் வாசித்ததும் இவர்கள் காதில் விழுந்தது நல்ல தொழில். நன்றாக மீன் பிடிக்கிறவர்களை எல்லாம் வரிசையாக உட்காரவைத்துப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். உங்கள் தொழிலால் ஊர் ஜனங்களின் உடம்பு தேறுகிறதா என்றும் கேட்டிருக்கிறார்கள். மீன் தின்றால் உடம்பு தேறத்தானே செய்யும், இவர்களும் ஆமாம் என்றிருக்கிறார்கள். வலையைப் பற்றிச் சொன்னது வலைப்பின்னல் ஆயிற்று. மீன் முட்டையிடுகிற காலத்துக்கு அரசாங்கம் போடுகிற தடை, வைத்திய சேவையின் கழுத்தை நெரிக்கிற தடை ஆயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தக் குரங்குக்குப் பேராசிரியர் பதவியே கிடைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர் என்ன சொல்கிறார் என்று நைஜல் ஆவலாகக் கேட்டார். தடையால் தொழில் நின்று கிடப்பதாகச் சொல்கிறார் என்றேன், அவர் சொன்னதும் அதுதானே. நைஜலின் முகம் மலர்ந்தது. போன வருஷத்து முடிவு இந்த வருஷமும் உறுதியாகிறது என்றார். இந்த முடிவை வைத்துத்தான் நான் கட்டுரை எழுத வேண்டும். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் எனக்கு வேலை. டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது நைஜல் அஞ்சாப்புலியின் கையைப் பிடித்துக் குலுக்கி, நாளைக்குச் சிதம்பரத்தில் நடக்கும் கருத்தரங்கில் அவருக்குச் சிறந்த நலத்தொழில் முனைவோர் என்று மரியாதை செய்யப்போவதாகச் சொன்னார். அஞ்சாப்புலி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார், இந்தத் திட்டத்தில் வலை கொடுப்பார்களா என்று. பொன்னாடை கொடுப்பார்கள் என்றேன். அதுபோல வீட்டில் நிறையக் கிடப்பதாகச் சொன்னார்.

கடலூரிலேயே தங்கிவிட்டுக் காலையில் அஞ்சாப்புலியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து சேகரோடு நொடியில் மாமன் மச்சான் ஆகிவிட்டார். நான் வாய்க்கு வாய் ‘ங்க’ போட்டுப் பேசுவதை இரண்டு பேரும் ரசித்துச் சிரித்தார்கள். “மச்சான், அந்தம்மா திட்டுனாக்கூட வணக்கம் சொல்ற மாதிரியே இருக்கும் போலருக்குது” என்றார் அஞ்சாப்புலி. ஆலப்பாக்கம் தாண்டியதும் வண்டியின் முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது. சேகர் மூடியைத் திறந்து பார்த்து, ரேடியேட்டர் போச்சு என்று அறிவித்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார். வந்த தனியார் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி, சேகரைத் தவிர எல்லோரும் தொற்றிக்கொண்டோம்.

நைஜல் நடுவில் மாட்டிக்கொண்டார். ஒரு மீன்கூடை அவர் இடுப்பில் இடித்தது, ஒருவருடைய அக்குள் அவர் மூக்குக்கு நேராக இருந்தது. படியில் நின்றவர்களோடு சேர்த்து அவரையும் நடத்துநர் உள்ளே போ உள்ளே போ என்று விரட்டினார். இங்கிலாந்தில் பேருந்தில் பக்கத்து ஆளின் முழங்கை பட்டால் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். இங்கே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் சிதம்பரம் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கலியமூர்த்தியும் நானும் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, காதருகே குனிந்து நேற்றுத் தெரிந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். மனிதர் அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியும் மேடம்.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். பேட்டிகளை மொழிபெயர்க்கும்போதே பாதியில் சந்தேகம் வந்ததாம். போய் விசாரித்து நிச்சயம் செய்துகொண்டாராம். அதற்குள் முதல் பாதி இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, நைஜல் சாரிடமிருந்து பிரமாதம் பிரமாதம் என்று மின்னஞ்சல் வந்துவிட்டதாம். அவருக்கோ அந்த வருஷம் பதவி உயர்வு, வெளிநாட்டுக் கட்டுரை ஒன்று இருந்தே ஆக வேண்டும். பெண்ணுக்கு வரன் வேறு பார்த்துக்கொண்டிருந்தார், துறைத் தலைவர் என்றால் ஒரு மதிப்பு. அதனால் மீதியையும் அதே தினுசில் மொழிபெயர்த்து அனுப்பிவிட்டார்.

“பதவி வந்தப்புறம் சொல்லிடலாம்னுதான் மேடம் இருந்தேன். வந்துடுச்சி. வந்தப்புறம் சொல்றதுக்கு என்னா அவசரம்னு வுட்டுட்டேன். நீங்களும் பர்மனென்ட் ஆயிட்டு சொல்லுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் படியிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன். அதைவிடப் பெரிய கோபம் அந்த யோசனை எனக்கும் பிடித்துப்போனதில் வந்தது. புதுச்சத்திரம் வரை யோசித்தேன். ஆனபிறகு சொல்லலாம். யாருக்கு நஷ்டம்? வழியெல்லாம் இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டேன். செல்வராசுவின் சிலிண்டரும் வேனும்தான் நினைவுக்கு வந்தன. அவரைப் போன்றவர்களுக்கு எட்டியிருக்க வேண்டிய நிதி முழுக்க, தடையை நீக்கச் சொல்லிப் போராட எங்கள் துறை தொடங்கவிருக்கும் ஒரு புதிய மையத்துக்குப் போகப்போகிறது. மீன் முட்டையிடுவதை நிறுத்தினால்தான் அந்தத் தடை நீங்கும்.

கலியமூர்த்தியின் கல்லூரியில் நடந்தது பெயரில் பன்னாட்டுக் கருத்தரங்கு. இந்தியாவைத் தவிர்த்து வந்திருந்த பன்னாடு, நைஜலும் லண்டன் அறக்கட்டளை ஒன்றிலிருந்து வந்த அம்மையாரும். அந்த அம்மையார்தான் எங்களுக்கு நிதி தருபவர். புதிய விரிவுரையாளர் இடத்துக்கும் பாதிச் சம்பளம் அவர்கள் பணம், ஆகவே ஆளை அவர் ஒருமுறை பார்த்துச் சரி சொல்ல வேண்டும். குத்துவிளக்கு ஏற்றினார்கள், மின்விசிறிக் காற்றில் அது அணைந்தது, விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றினார்கள். தாளாளர் பேசினார், முதல்வர் பேசினார், தாளாளரின் மைத்துனர் பேசினார். அத்தனை பேரும் சேர்ந்து நோய் என்ற சொல்லை ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. நடுவில் மின்சாரம் போனது, யாருக்கும் வருத்தமில்லை.

மின்சாரம் வந்ததும் அஞ்சாப்புலிக்குப் பொன்னாடை போர்த்தி, ஏற்புரை நிகழ்த்தச் சொன்னார்கள். அவருடைய பேச்சை அம்மையாருக்காக ஆங்கிலத்தில் சொல்ல என்னை மேடைக்கு அழைத்தார்கள். நைஜல் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். கலியமூர்த்தி முதல் வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சாப்புலிக்கு மேடைக் கூச்சமே இல்லை. “எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். வலை இல்லன்னா நான் இல்ல. வலைதான் எனக்கு மொதலு. கிழிஞ்சிதுன்னா யாரையும் எதிர்பாக்கறது இல்ல, நானே ஒக்காந்து முடிஞ்சிக்குவேன்” என்று சொல்லிவிட்டு, நான் மொழிபெயர்ப்பதற்காக நிறுத்தினார்.

அரங்கமே என்னைப் பார்த்தது. ஒரே ஒரு சொல்தான். வலைப்பின்னல் என்று சொன்னால் நிரந்தர வேலை, நிம்மதியான தூக்கம். பக்கத்தில் பொன்னாடையோடு நிற்கிற மனிதர், நான் அவர் சொன்னதைத்தான் சொல்வேன் என்று நம்பிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

“அவர் மீன் பிடிக்கிற வலையைப் பற்றிச் சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “இவர் மீன் பிடிக்கிறவர். வலை கிழிந்தால் தைத்துக்கொள்கிறார்.”

நைஜல் எழுந்தார். எவ்வளவு அருமையான உவமை என்றார். அம்மையார் கைதட்ட ஆரம்பித்தார். தாளாளர் தட்டினார், அரங்கமே தட்டியது. நான் ஒலிபெருக்கியை இறுகப் பிடித்துக்கொண்டு, இது உவமை இல்லை என்றேன். மீன், நிஜ மீன், இவர் கடலில் மீன் பிடித்து விற்கிறார், வேறெதுவும் செய்வதில்லை என்றேன். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம், ஒருவகையில் நாம் எல்லோருமே மீன்கள்தான் என்றார். கைதட்டல் இன்னும் பலமானது.

அஞ்சாப்புலி என் பக்கம் சாய்ந்து, இவ்வளவு தட்டுகிறார்களே, அப்படி என்னதான் சொன்னாய் என்று கேட்டார். நீங்க சொன்னதைத்தாங்க சொன்னேன் என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, டீசல் விலையைப் பற்றி விளக்க ஆரம்பித்தார்.

அதற்குள் சேகர் வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்துவிட்டார். சாயங்காலம் நைஜலும் நானும் மட்டும் பரங்கிப்பேட்டைக்குப் போனோம், அங்கே மீன் நன்றாக இருக்கும் என்று அஞ்சாப்புலி சொல்லியிருந்தார். சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர் ஒருவர் நடத்தும் சாப்பாட்டுக் கடை. அவர் நைஜலிடம் சரளமான ஆங்கிலத்தில் ஊர் விசாரித்து, முள் எடுத்துச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தார். வறுத்த கொடுவா. வயிறு தேறிவிட்டதால் நைஜல் ஒரு வெட்டு வெட்டினார்.

நான் ஒன்று விடாமல் சொன்னேன். தொழில், வலை, தடை, நல்ல தொழில் எல்லாம். இந்தத் தடவை அவர் உவமை என்று சொல்லவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு முள்ளை இலையோரம் ஒதுக்கினார். கடைசியில் சொன்னார்: “நீ சொல்வது உண்மையானால் எழுது. ஆய்வு என்பது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். அது வெளிவரட்டும், அந்த இடத்துக்கு உன் பெயரை நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.”

இவ்வளவு நாள் இந்த மனிதரைக் கிண்டல் செய்தோமே, எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். கடைக்காரர் நெத்திலிக் குழம்பு கொண்டுவந்து ஊற்றினார், அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பியதும் ராப்பகலாக உட்கார்ந்து எழுதினேன். தொழில் என்ற சொல் கோயம்புத்தூரில் என்ன, கடலூர்க் கரையில் என்ன, வலை எப்படி வலைப்பின்னல் ஆனது என்று வரிக்கு வரி சான்றோடு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அதுதான். எங்கள் துறையின் பெரிய ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். அவர்கள் வழக்கப்படி, இந்த விஷயத்தில் கரைகண்ட நிபுணர் ஒருவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். நிபுணரின் பெயரைச் சொல்லமாட்டார்கள், அது ரகசியம். கடலூர்க் கரையின் நலத்தொழிலைப் பற்றி எழுதிய நிபுணர்கள் அன்றைய தேதியில் உலகத்திலேயே இரண்டு பேர்தான், இரண்டு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பதில் வந்தபோது வெளியே மழை. கட்டுரையை நிராகரித்திருந்தார்கள். நிபுணரின் கருத்தை அப்படியே தமிழில் தருகிறேன்: “கட்டுரையாளரின் உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் அவருக்கு உள்ளூர் மொழியில் போதிய பயிற்சி இல்லை எனத் தோன்றுகிறது. தொழில் என்ற சொல்லுக்கு மீன் பிடித்தல் என்று எந்த அகராதியிலும் பொருள் இல்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரைக் கலந்து ஆலோசித்து, திருத்தி எழுதுவது நல்லது.”

நிரந்தர இடம், தடைக்காலத்தில் வலைப்பின்னல்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று எழுதிய ஓர் இளைஞருக்குப் போனது. கெட்டிக்காரப் பையன், நேரில் பார்த்தபோது நன்றாகப் பேசினான். நைஜல் என் வழியனுப்பு விழாவில் கண் கலங்கினார். கட்டுரையை இன்னும் கைவிடவில்லை, நிபுணர் சொன்னபடி திருத்துவதாகத்தான் இருக்கிறேன். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.